இழை: கடவுளை நம்பாதவரின் வாழ்வுக்குப் பொருள் இல்லையா? (உயர்தர விவாதத் தலைப்பு, திருகோணமலை)

1 · அளவையியல்_திருமலை (இழையைத் தொடங்கியவர்)

உயர்தர வகுப்புப் பிள்ளைகளின் விவாதத்துக்கு இப்படி ஒரு தலைப்பு வந்திருக்கிறது: "கடவுள் நம்பிக்கை இல்லையேல் வாழ்வுக்குப் பொருள் இல்லை."

இதை வைத்து மேடையில் கைதட்டு வாங்குவது பெரிய வேலை இல்லை. ஒரு பக்கம் கோணேசரையும் பெற்ற தாயையும் இழுக்கும், மற்றப் பக்கம் சுனாமியை இழுக்கும், மணி அடித்துவிடும். வாதத்தைக் கழற்றி எந்தத் துண்டு தாங்குகிறது, எது தாங்கவில்லை என்று பார்த்தால்தான் பிள்ளைகளுக்குப் பயன். வழக்கமாகச் சொல்லப்படும் வடிவம் இது:

எடுகூற்று 1: வாழ்வுக்குப் பொருள் இருக்க வேண்டுமானால் அதற்கு ஒரு நோக்கம் இருக்க வேண்டும்.
எடுகூற்று 2: வாழ்வு முழுவதற்கும் நோக்கம் வைக்கக்கூடியவர் அதைப் படைத்தவர் மட்டுமே.
எடுகூற்று 3: சாவோடு எல்லாம் முடிந்துவிட்டால் எந்த நோக்கமும் நிலைக்காது.
முடிவு: ஆகவே கடவுளை நம்பாதவரின் வாழ்வுக்குப் பொருள் இல்லை.

எதில் கை வைக்கிறீர்கள் என்று முதல் வரியிலேயே சொல்லிவிட்டு எழுதுங்கள். "நான் பட்ட பாடு" வகைக் கதைகள் இந்த இழைக்கு வேண்டாம்.

2 · சம்பூர்க்காரன்

முடிவில கை வைக்கிறன் சேர். மூண்டு எடுகூற்றையும் அப்படியே ஏற்றாலும் அந்த முடிவு வராது.

எடுகூற்றுகள் கதைக்கிறது கடவுள் இருக்கிறாரா எண்டதைப் பற்றி. முடிவு கதைக்கிறது ஆள் நம்புறாரா எண்டதைப் பற்றி. கடவுள் இருக்கிறார், எல்லாருக்கும் நோக்கம் வைச்சிருக்கிறார் எண்டு எடுங்கோ. அப்ப நம்பாதவனுக்கும் அந்த நோக்கம் இருக்கு, அவனுக்குத் தெரியேல்ல, அவ்வளவுதான். கடவுள் இல்லை எண்டு எடுங்கோ. அப்ப விடிய எழும்பிக் கோயிலுக்குப் போறவருக்கும் அது இல்லை, இருக்கெண்டு நினைச்சுக்கொண்டிருக்கிறார். இரண்டு வழியிலயும் நம்பிக்கையால ஒண்டும் மாறேல்ல.

தலைப்பைத் தூக்கி நிறுத்த இன்னொரு எடுகூற்று வேணும்: "நோக்கத்தை அறிஞ்சு ஏற்றால்தான் அது வாழ்வுக்குப் பொருள் தரும்." அதை ஒருத்தரும் வாய் திறந்து சொல்லுறேல்ல. ஆதரிக்கிற பக்கம் அதை முதல்லயே வெளியில எடுத்து வைச்சுக் காரணம் சொல்லவேணும். இல்லாட்டி எதிர்ப் பக்கத்தின்ர முதல் பேச்சாளரே கதையை முடிச்சுப் போடுவார்.

3 · அளவையியல்_திருமலை

சரி. அதை எடுகூற்று 4 என்று வைத்துக்கொள்வோம். இனி எழுதுபவர்கள் நாலையும் கணக்கில் எடுக்கவும்.

4 · கோணமாமலை

எடுகூற்று 2, 4. இரண்டிலும் சைவ சித்தாந்தம் இந்த வாதத்தோடு ஒத்துவராது. இதைப் பிள்ளைகளுக்குச் சொல்லிக் கொடுக்காவிட்டால் சைவப் பிள்ளை மேடையில் நின்று வேறொரு சமயத்தின் வாதத்தைத் தன் சமயத்தின் வாதமாகச் சொல்லிவிட்டு இறங்கும். நடக்கிறதுதான்.

முதலில் எடுகூற்று 2. பதி (இறைவன்), பசு (உயிர்), பாசம் (உயிரைக் கட்டும் தளை) மூன்றும் அநாதி, தொடக்கம் இல்லாதவை. உயிரைச் சிவன் படைக்கவில்லை. அவன் உயிருக்குத் தருவது தனு, கரணம், புவனம், போகம் என்ற நாலும்தான்: உடம்பு, கருவிகள், உலகம், அனுபவம். அவற்றைத் தருவதும் ஆணவம் என்ற அறியாமை இருளில் அழுந்திக் கிடக்கும் உயிரை வெளியே எடுக்க. அதாவது உயிருக்கு அநாதியாகவே ஒரு குறை இருக்கிறது, அதைத் தீர்க்க அவன் ஐந்தொழில் செய்கிறான். "படைத்தவன் தன் நோக்கத்துக்காக என்னைச் செய்தான்" என்ற வசனத்துக்கு எங்களிடம் இடமே இல்லை.

எடுகூற்று 4. திரோதான சத்தி என்பது மறைந்து நின்று நடத்துவது. உயிர் அறியாமலே அதை வினையில் செலுத்தி, இருவினையொப்பு (நல்வினை தீவினை இரண்டையும் ஒன்றாகப் பார்க்கும் நிலை), மலபரிபாகம் (மலம் பக்குவப்படுதல்) என்று கொண்டுவந்து, சத்திநிபாதம் (அருள் பதிதல்) வரை கொண்டுபோய் விடும். "சிவன் இல்லை" என்று சத்தியம் பண்ணுகிறவனுடைய வாழ்விலும் அந்த வேலை நின்றுபோவதில்லை. ஆகவே தம்பி சம்பூர் சொன்ன முதல் பாதியைச் சித்தாந்தி மறுக்கத் தேவையில்லை.

இன்னொன்றைக் கவனியுங்கள். மெய்கண்டார் செய்த சிவஞானபோதம் 12 சூத்திரம். முதல் மூன்று பிரமாணம், அடுத்த மூன்று இலக்கணம், அதற்கடுத்த மூன்று சாதனம், கடைசி மூன்று பயன். வாழ்வு எங்கே போய்ச் சேருகிறது என்பது பயனியலில், கடைசியில்தான் வருகிறது. "பொருள் வேண்டும், ஆகவே பதி வேண்டும்" என்று மெய்கண்டார் தொடங்கவில்லை. உலகம் தோன்றி நின்று ஒடுங்குகிறது, ஆகவே செய்பவன் ஒருவன் உண்டு என்றுதான் தொடங்குகிறார். நமக்கு ஒன்று தேவைப்படுகிறது என்பதால் அது உண்டு என்று சொல்வது அவருடைய முறை இல்லை.

5 · நிலாவெளி_வெயில்

அப்ப ஐயா, சைவப் பிள்ளை எதிர்ப் பக்கத்தில நிண்டாலும் சமய விரோதம் இல்லையோ?

6 · கோணமாமலை

2ஐயும் 4ஐயும் மறுக்கும் அளவுக்கு விரோதம் இல்லை, பிள்ளை. "பதியே இல்லை" என்று போனால் முதற் சூத்திரத்தோடு முட்ட வேண்டி வரும்.

எதிர்ப் பக்கத்தைப் படிக்க வேண்டுமானால் வெளியே தேடத் தேவையில்லை. சிவஞானசித்தியார் பரபக்கத்தில் (பிறர் கொள்கைகளை மறுக்கும் பகுதி) அருணந்தி சிவாசாரியார் 14 பேரை வரிசையில் நிறுத்துகிறார். உலகாயதன் (பொருள்முதல்வாதி), பௌத்தர் நாலு பிரிவு, நிகண்டவாதி (சமணன்), ஆசீவகன், பட்டாசாரியன், பிரபாகரன், சத்தப்பிரமவாதி, மாயாவாதி, பாற்கரியன், நிரீச்சுர சாங்கியன், பாஞ்சராத்திரி. எண்ணிப் பாருங்கள்: உலகாயதன் முதல் பிரபாகரன் வரை ஒன்பது பேர், பிறகு நிரீச்சுர சாங்கியன், ஆகப் பத்துப் பேரிடம் உலகைப் படைத்த இறைவன் என்ற கொள்கை இல்லை. அந்தப் பத்தில் பட்டாசாரியனும் பிரபாகரனும் வேதத்தைத் தலையில் வைத்துக் கொண்டாடுகிற மீமாம்சகர்! யாகத்தின் பயன் யாகத்தாலேயே வரும், நடுவில் ஈசுவரன் எதற்கு என்பது அவர்கள் கட்சி.

ஒவ்வொருவர் கொள்கையையும் அவர் வாயால் சொல்லவிட்டு, அதற்குப் பிறகுதான் மறுப்பு. பிள்ளைகள் படிக்க வேண்டியது அந்த ஒழுங்கை.

7 · கிண்ணியாத்துறை

எடுகூற்று 4க்கு ஆதரவு. எடுகூற்று 2இல் ஒரு திருத்தம்.

சம்பூர்க்காரன் "நம்பிக்கையால் ஒன்றும் மாறவில்லை" என்றது பொருந்தாது. புகாரி நபிமொழித் தொகுப்பின் முதல் ஹதீஸே செயல்கள் எண்ணங்களைக் கொண்டு அமைகின்றன என்பதுதான். விடியற்காலையில் கரைவலை இழுக்கும் இரண்டு பேரை எடுங்கள். கயிறு ஒன்று, தோள் வலி ஒன்று, பங்கும் ஒன்று. ஒருவர் ஹலாலான உழைப்பால் குடும்பத்தைப் போஷிப்பது அல்லாஹ் என் மீது வைத்த கடமை என்ற நிய்யத்தோடு (எண்ணத்தோடு) இழுக்கிறார். அவருக்கு அது இபாதத், இறைவணக்கம். மற்றவருக்கு அது கூலி. வெளியே இருந்து பார்த்தால் ஒரே வேலை, உள்ளே இரண்டு வேலை. சட்டத்திலும் அப்படித்தானே? கைமோச மரணமா கொலையா என்பதை எண்ணம்தான் தீர்மானிக்கிறது. ஆகவே நம்பிக்கை செயலின் வகையையே மாற்றுகிறது.

திருத்தம் இது. குர்ஆன் 51:56 ஜின்களும் மனிதர்களும் வணங்குவதற்காகவே படைக்கப்பட்டார்கள் என்கிறது. பலர் அந்த வசனத்தோடு நிறுத்திவிடுவார்கள். அடுத்த வசனம் 51:57, அவர்களிடமிருந்து எந்த உணவையும் நான் நாடவில்லை என்கிறது. அதாவது அந்த நோக்கம் இறைவனுடைய தேவையில் இருந்து வந்தது அல்ல. இறைவனின் செயலுக்கு நோக்கம் கற்பிக்கலாமா என்பதிலேயே முஃதஸிலாக்கள், அஷ்அரிகள் என்ற இரண்டு இறையியல் பள்ளியாரும் நூற்றாண்டுக்கணக்கில் வாதாடினார்கள். இலங்கையில் ஷாபிஈ மத்ஹபோடு (சட்டப் பள்ளி) சேர்ந்து வந்தது பெரும்பாலும் அஷ்அரி வழி. அவர்கள் அவனுடைய செயலை ஒரு தேவைக்குள் கட்ட மறுத்தார்கள். ஆகவே "முதலாளிக்கு ஒரு வேலை இருந்தது, அதற்கு ஆள் எடுத்தார்" என்ற மாதிரிப் பேசும் பிள்ளை இரண்டு பக்கத்திலும் மாட்டிக்கொள்ளும்.

8 · சம்பூர்க்காரன்

கிண்ணியா நானா சொன்ன எண்ணக் கதை நல்ல வாதம். ஆனா அது நிறுவுறது வேற. எண்ணம் செயலை மாத்தும் எண்டதை நிறுவுது; எண்ணம் இறைவனை நோக்கி இருந்தால்தான் செயலுக்குப் பொருள் எண்டதை நிறுவேல்ல. இரண்டாவது ஆளுக்கும் எண்ணம் இருக்கு: மகளின்ர ரியூசன் காசு. நானாவின்ர கணக்கில இரண்டு பேருக்கும் இரண்டு பொருள் கிடைக்குது. தலைப்புக்குத் தேவை ஒருத்தருக்குப் பூச்சியம்.

இப்ப எடுகூற்று 3. மெய்யியலாளர் தோமஸ் நேகல் 1971 இல எழுதின கட்டுரையில இதைக் கழட்டி வைச்சிருக்கிறார். படிப்படியாப் பாருங்கோ.

முதலாவது, "பத்து லட்சம் வருசத்துக்குப் பிறகு இது ஒண்டும் முக்கியமில்லை" எண்டு சொன்னால், அதே நியாயப்படி பத்து லட்சம் வருசத்துக்குப் பிறகு நடக்கிறதும் இப்ப முக்கியமில்லை. அப்ப "அங்க முக்கியமில்லாமல் போகும்" எண்ட செய்தியும் இப்ப முக்கியமில்லை. இரண்டாவது, எழுபது வருச வாழ்க்கை வெறுமை எண்டால் அதை முடிவில்லாமல் நீட்டினால் முடிவில்லாத வெறுமைதான் வரும். நீளம் பொருளைக் கூட்டாது. மூண்டாவது, காரணச் சங்கிலி எங்கயோ நிக்கத்தான் வேணும். தலையிடிக்கு பனடோல் போடுறதுக்கு "வலி போகும்" எண்டதே போதிய காரணம், அதுக்கு மேல ஒரு நித்திய காரணம் தேவையில்லை.

பிள்ளையள் இதை மேடையில சொல்லேக்கை முதலாவதை மட்டும் சொல்லிப்போட்டு நிக்குங்கள். அது கேட்க விகடம் மாதிரி இருக்கும், சனம் சிரிக்கும், வாதம் ஏறாது. இரண்டாவதுதான் கனமானது.

9 · பாலையூற்று_அக்கா

எடுகூற்று 3ஐ நான் காப்பாற்ற வரவில்லை, திருத்த வருகிறேன்.

முதலில் ஒன்று. 2உம் 3உம் ஒட்டிப் பிறந்தவை இல்லை. விவிலியத்தில் சபை உரையாளர் நூலை எடுங்கள். அங்கே கடவுள் உண்டு, சந்தேகமே இல்லை. ஆனால் 3:21இல் மனிதரின் உயிர்மூச்சு மேலே போகிறதா, விலங்கின் உயிர்மூச்சு கீழே போகிறதா, யார் அறிவார் என்று கேட்கிறார். கடவுள் உண்டு, மறுவாழ்வு தெளிவில்லை. பௌத்தத்தைப் பாருங்கள்: படைத்த கடவுள் இல்லை, மறுபிறப்பு உண்டு, எட்டு அங்கங்கள் கொண்ட வழியும் உண்டு. ஒன்று இல்லாமல் மற்றது நிற்கும் என்பதற்கு இரண்டும் சாட்சி. ஆகவே பிள்ளைகள் "கடவுள் இல்லையேல் மறுமை இல்லை" என்று ஒரே மூச்சில் சொல்லக்கூடாது.

சம்பூர்த் தம்பி நேகலை வைத்து நீளத்தை உடைத்தது சரி. ஆனால் 3இன் உண்மையான பலம் நீளத்தில் இல்லை, முடியாமல் போனவற்றில் இருக்கிறது. 2004 டிசம்பர் 26, ஞாயிற்றுக்கிழமை, நத்தாருக்கு அடுத்த நாள், போயா தினம். எழுபது வயது வரை வாழ்ந்து பிள்ளை குட்டி கண்டு போனவரைப் பற்றி "வாழ்ந்ததே பொருள்" என்று சொல்லலாம். நாலு வயதில் அலையில் போன பிள்ளைக்கு எதைச் சொல்வீர்கள்? அதற்கு நோக்கம் எடுக்கவே வயது வரவில்லை. ஜெர்மன் மெய்யியலாளர் கான்ற் 1788இல் கடவுளையும் ஆன்ம அழியாமையையும் நடைமுறை அறிவின் எடுகோள்களாக வைத்தது இந்த மாதிரி இடத்துக்காகத்தான்: அறமும் நலமும் இந்த உலகில் கணக்குச் சரிவருவதில்லை, சரிவர ஒருவர் வேண்டும். அவர் அதை நிரூபணம் என்று சொல்லவில்லை என்பதையும் பிள்ளைகள் சொல்ல வேண்டும், இல்லாவிட்டால் எதிர்த்தரப்பு பிடித்துக்கொள்ளும்.

சுனாமியை எதிர்ப் பக்கத்தின் ஆயுதம் என்று சேர் முதல் பதிவில் போட்டிருக்கிறீர்கள். இரண்டு பக்கமும் வெட்டும் அது.

10 · உவர்மலை

எடுகூற்று 4 பற்றி, ஆனால் வேறு பக்கத்தில் இருந்து. உளவளத்துணை வேலையில் "வாழ்க்கைக்கு அர்த்தமில்லை" என்று ஒருவர் சொன்னால் நேகலையும் எடுப்பதில்லை, சித்தியாரையும் எடுப்பதில்லை. மூன்று கேள்வியாகப் பிரிப்பது வழக்கம். நடப்பது அவருக்கு விளங்குகிறதா? எதையாவது நோக்கிப் போகிறாரா? தான் இருப்பது யாருக்காவது பெறுமதி என்று நினைக்கிறாரா? மூன்றும் சேர்ந்தே உடையும் என்றில்லை. பிள்ளையை இழந்த தாய்க்கு முதலாவது உடைந்திருக்கும், மற்றப் பிள்ளைகளுக்காக இரண்டாவது நிற்கும். ஓய்வூதியம் எடுத்த அதிபருக்கு முதலாவது முழுசாக இருக்கும், இரண்டாவது போயிருக்கும். எது உடைந்தது என்று பாராமல் "கோயிலுக்குப் போங்கோ" என்பதும் "உதெல்லாம் மூடநம்பிக்கை" என்பதும் ஒரே பிழை.

மூன்றாவது உடைந்து, "நான் எல்லாருக்கும் பாரம்" என்ற பேச்சு வந்தால் விவாதம் அந்த இடத்தில் நிற்க வேண்டும். சாக நினைக்கிறீர்களா என்று நேராகக் கேட்க வேண்டும். கேட்பதால் அந்த எண்ணம் புதிதாக வராது. தேசிய மனநல நிறுவனத்தின் உதவி இலக்கம் 1926. இந்தத் தலைப்பைப் பதினெட்டு வயதுப் பிள்ளைகளிடம் கொடுக்கும் ஆசிரியர் இந்த இலக்கத்தைக் கரும்பலகையில் எழுதிவிட்டுத் தொடங்குவது நல்லது.

அளவிடலாமா என்றால், ஓரளவு. உளவியலாளர் மைக்கேல் ஸ்ரெகரும் சகாக்களும் 2006இல் வெளியிட்ட வினாக்கொத்து இருக்கிறது: 10 வாக்கியம், ஒவ்வொன்றுக்கும் 1 முதல் 7 வரை புள்ளி. 1, 4, 5, 6, 9 பொருள் இருப்பதை அளக்கும். 2, 3, 7, 8, 10 பொருளைத் தேடுவதை அளக்கும். 9ஆம் வாக்கியம் எதிர்மறை, அதைத் திருப்பிப் போட்டுக் கூட்ட வேண்டும். இதை மறந்து கூட்டினால் நன்றாக இருப்பவரின் புள்ளி குறைந்துபோகும். இரண்டு பகுதிக்கும் தனித்தனியே 5 முதல் 35 வரை வரும். இரண்டையும் சேர்த்து ஒரு மொத்தம் போடக்கூடாது. தேடுதல் கூட இருப்பது நோய் அல்ல.

ஆதரிக்கும் பக்கத்துக்கு உதவும் தரவும் உண்டு. ஓயிஷியும் டீனரும் 2014இல் வெளியிட்ட ஆய்வில் 132 நாடுகளின் பதில்களைப் பார்த்தார்கள். பணக்கார நாடுகளில் வாழ்க்கைத் திருப்தி கூட, "என் வாழ்வுக்கு முக்கியமான நோக்கம் உண்டு" என்று சொல்வது ஏழை நாடுகளில் கூட. அந்த வித்தியாசத்தில் பெரும் பங்கை மதப்பற்று விளக்கியது. இதைத் தூக்கிக்கொண்டு ஓடுவதற்கு முன் இரண்டு எச்சரிக்கை. அது பொருள் இருப்பதாக *உணர்வது* பற்றியது, சம்பூர்க்காரன் முதலில் பிரித்ததில் ஒரு பக்கம் மட்டும். மற்றது, மதப்பற்று என்ற ஒரே பெட்டிக்குள் கடவுளும் இருக்கிறார், வெள்ளிக்கிழமையும் இருக்கிறது, வருத்தம் வந்தால் கஞ்சி கொண்டு வரும் பக்கத்து வீட்டாரும் இருக்கிறார்கள். எது வேலை செய்தது என்று அந்த ஆய்வு பிரிக்காது.

நம்பிக்கையை விட்டவர்களிடம் வரும் சிக்கல் இங்கேதான். விளக்கத்துக்குப் பதில் வேறு விளக்கம் வைத்துவிடுகிறார்கள், புத்தகம் கிடைக்கிறது. வெள்ளிக்கிழமைக்குப் பதில் ஒன்றும் வைப்பதில்லை. நம்புகிறவர்களிடம் வரும் சிக்கல் நேர்த்தி. காவடி எடுத்தேன், பிள்ளை பிழைக்கவில்லை என்றால் உடைவது பக்தி இல்லை, "நடப்பது எனக்கு விளங்குகிறது" என்ற முதலாவது.

11 · பாலையூற்று_அக்கா

உவர்மலை சொன்னதோடு ஒன்று. விவிலியத்தில், துன்பத்தில் விழுந்த யோபுவின் நண்பர்கள் மூவரும் வந்து ஏழு பகல் ஏழு இரவு வாய் திறக்காமல் தரையில் உட்கார்ந்தார்கள் (2:13). அதுவரை அவர்கள் செய்தது சரி. விளக்கம் சொல்லத் தொடங்கிய பிறகுதான் வந்தது வினை. கடைசியில் ஆண்டவர் கண்டிப்பது கேள்வி கேட்ட யோபுவை விடக் கூடுதலாக, தனக்காக வக்காலத்து வாங்கிய நண்பர்களைத்தான் (42:7). இழவு வீட்டுக்குப் போய் "கர்மா", "சோதனை", "கடவுளுக்குப் பிடித்த பூ" என்று சொல்லுகிற எல்லாச் சமயத்தாருக்கும் அது பொருந்தும்.

12 · மட்டுறுத்துநர்

கன்னியாக் காணிப் பிரச்சினை பற்றிய இரண்டு பதிவுகள் அதற்கான இழைக்கு மாற்றப்பட்டுள்ளன. இங்கே தலைப்போடு நிற்கவும்.

13 · தம்பலகாமத்தான்

கன்னியா எண்ட பேர் வந்தபடியால் கேக்கிறன். தத்துவம் ஒரு பக்கம் கிடக்கட்டும். நம்பாத மகன் 31ஆம் நாள் அந்தியேட்டிக்கு கன்னியா வெந்நீர்க் கிணத்தடியில நிக்கிறான். அவன் செய்யிறதுக்குப் பொருள் இருக்கோ, நடிப்போ?

14 · கோணமாமலை

இராவணன் தாய்க்குக் கடன் செய்ய எழுந்த நீர் என்ற ஐதீகத்தால்தான் எங்கள் பக்கத்துச் சனம் அங்கே போகிறது. ஏழு கிணறு, சதுரமாகக் கட்டினது, ஆழமில்லை, அடி தெரியும். இறங்கிக் குளிப்பதில்லை, வாளியால் அள்ளி ஊற்றுவதுதான். ஒன்றின் சூடு மற்றதில் இராது. நம்புகிறவன் தலையிலும் நம்பாதவன் தலையிலும் அந்தச் சூடு ஒன்றுதான்.

கிரியையைத் துண்டு துண்டாகப் பாருங்கள். சங்கற்பம் சொல்வதும் பிண்டம் வைப்பதும் இறந்தவர் ஏற்கிறார் என்ற கருத்தின் மேல் நிற்பவை. வீட்டில் உரலில் சுண்ணம் இடிப்பதும், பேரப்பிள்ளைகள் பந்தம் பிடிப்பதும், வாய்க்கரிசியும், எட்டாம் நாளும், 31இல் சாப்பாடு கொடுப்பதும் உறவு செய்கிற வேலை. முதல் வகையில் நம்பாதவன் வாய் கூசலாம். இரண்டாவதில் கூச ஒன்றுமில்லை. என் அபிப்பிராயம், முதலாவதையும் அவன் செய்யலாம்: கடன் தகப்பனுக்கு, மகனுடைய கருத்துக்கு இல்லை. சரியை, கிரியை, யோகம், ஞானம் என்று நாலு படி வைத்திருப்பதே எல்லாரும் ஞானத்தில் தொடங்க மாட்டார்கள் என்பதால்தான். கோயிலைக் கூட்டி மெழுகுவது சரியை. கூட்டுமாறு பிடிக்க முன் முதற் சூத்திரத்தில் சோதனை வைப்பதில்லை.

15 · சம்பூர்க்காரன்

தகப்பன் நம்பினவர் எண்டால் ஐயா சொன்னது எனக்கும் சம்மதம். தகப்பனே நம்பாதவர், "எனக்கு ஒண்டும் செய்யாதேங்கோ" எண்டு சொல்லிப்போட்டுப் போனவர் எண்டால்?

16 · உவர்மலை

அப்போது கிரியையை விடலாம், நாட்களை விடக்கூடாது. இறந்தவருக்கு 31 தேவைப்படாமல் இருக்கலாம். வீட்டில் இருப்பவர்களுக்குத் தேவை. ஒன்றும் செய்யாத வீடுகளில் காடாற்றோடு சனம் கலைந்துவிடும், துக்கம் எப்போது தொடங்கி எப்போது தளர்வது என்று சொல்ல ஒரு திகதி இராது.

செய்ய வேண்டியது சின்ன வேலைதான். 8, 31, ஆண்டு முடிவு என்று மூன்று நாளைக் குறியுங்கள். ஒவ்வொரு நாளும் யார் சமைப்பது, யார் இறந்தவரைப் பற்றிப் பேசுவது என்று இப்போதே பேர் போடுங்கள். பேச்சு பத்து நிமிடத்துக்குள். சாம்பல் எங்கே, யார் கையால் என்பதையும் எழுதுங்கள். இதை ஆள் உயிரோடு இருக்கும்போது எழுதி, கையெழுத்து வைத்து, மூத்த பிள்ளையிடமும் இன்னொருவரிடமும் கொடுத்துவிட வேண்டும். எழுதாமல் விட்டால் பிரேதத்தை நடுவில் வைத்துக்கொண்டு பெரியப்பா ஒரு பக்கம், பிள்ளைகள் ஒரு பக்கம் என்று சண்டை தொடங்கும். கடைசியில் முடிவெடுப்பது கனடாவில் இருந்து வட்ஸ்அப்பில் வருகிறவர்.

17 · கிண்ணியாத்துறை

இதில் எங்கள் பக்கம் சுலபம். குளிப்பாட்டல், கபன் (சவத்துணி), தொழுகை, அடக்கம். கூடியவரை அன்றே முடியும். தேர்வு குறைவு, ஆகவே சண்டையும் குறைவு.

பழைய கேள்விக்கு வருகிறேன். சம்பூர்த் தம்பி, உங்கள் பக்கத்தின் பலவீனமான இடத்தை யாரும் இன்னும் தொடவில்லை. மனிதன் தானே பொருளைத் தேர்ந்தெடுக்கிறான் என்றால், தவறான தேர்வு என்று ஒன்று உண்டா? ஒருவன் வாழ்நாள் முழுக்கக் கூரை ஓடுகளை எண்ணிக்கொண்டு "இதுதான் என் பொருள்" என்றால் நீங்கள் என்ன சொல்வீர்கள்?

18 · சம்பூர்க்காரன்

பிழை எண்டு சொல்லுவன் நானா. நான் விரும்பினால் போதும் எண்டு சொல்லுற ஆள் நான் இல்லை. மெய்யியலாளர் சூசன் வுல்ஃப் சொல்லுற மாதிரி இரண்டும் வேணும்: ஆள் அதில மனம் வைக்கவேணும், அது மனம் வைக்கத் தகுந்ததாயும் இருக்கவேணும். ஓடு எண்ணுறது இரண்டாவதில விழுந்திடும். "தகுந்தது எண்டு ஆர் தீர்மானிக்கிறது" எண்டு அடுத்ததாக் கேப்பியள். பிளேட்டோவின்ர யூதிஃப்ரோ எண்ட உரையாடல்ல கிடக்கிற கேள்வியை நான் திருப்பிக் கேக்கிறன்: இறைவன் விரும்புறதால அது தகுந்ததா, தகுந்ததால இறைவன் விரும்புறாரா? முதலாவது எண்டால் அவர் ஓடு எண்ணச் சொன்னால் அதுவும் தகுந்ததாப் போகும். இரண்டாவது எண்டால் தகுதி அவருக்கு முதலே அங்க நிக்குது, நானும் அதைப் பாக்கலாம்.

19 · கோணமாமலை

மூன்றாவது வழியை விட்டுவிட்டீர்கள், தம்பி. அவன் விரும்பியதால் நன்மை என்றும் இல்லை, நன்மை அவனுக்கு வெளியே நிற்கிறது என்றும் இல்லை. அருள் அவன் இயல்பு. சத்தியும் சிவமும் வெயிலும் ஞாயிறும் போலப் பிரியாதவை. கட்டளை இடுகிற அரசனை நினைத்தால்தான் உங்கள் கேள்வி கடிக்கும்.

20 · சம்பூர்க்காரன்

அப்ப "அருள் நல்லது" எண்டதை ஐயா எதை வைச்சுச் சொல்லுறியள்? அவன்ர இயல்பு எண்டதாலயா, அருள் எண்டதாலயா? கேள்வி ஒரு படி தள்ளி நிக்குது, போகேல்ல.

பாலையூற்று அக்காவுக்கு நான் இன்னும் பதில் சொல்லேல்ல. புறநானூறு 194இல பக்குடுக்கை நன்கணியார் ஒரு வீட்டில சாப்பறையும் மற்ற வீட்டில கலியாண முழவும் கேட்டுப்போட்டு, படைச்சவன் பண்பில்லாதவன் எண்டு நேரா ஏசுறார். ஏசிப்போட்டு, உலகம் கொடியது, அதின்ர இயல்பு அறிஞ்சவை இனியதைக் காணட்டும் எண்டு முடிக்கிறார். படைச்சவனை அவர் மறுக்கேல்ல. ஆனா இனிமையை அவனிட்டை வாங்கவும் இல்லை. கடவுள் உண்டு எண்டதும் பொருள் அங்கயிருந்து வருது எண்டதும் இரண்டு வேற வசனம் எண்டு காட்ட இதைவிடக் கிட்டின உதாரணம் எனக்குத் தெரியாது.

நாலு வயதுப் பிள்ளை. அந்த நாலு வருசம் பொருள் இல்லாததெண்டால் அதை இழந்ததுக்கு இவ்வளவு அழுகை வராது. இழப்பு பெரிசு எண்டதே அங்க பெரிசா ஒண்டு இருந்தது எண்டதுக்குச் சாட்சி. அது முடிஞ்சாலும் நடந்தது நடந்ததுதான்.

21 · பாலையூற்று_அக்கா

அது எங்களுக்குச் சரி தம்பி, மிஞ்சினவர்களுக்கு. அழுகிறவர் பக்கத்தில் நின்று நீங்கள் சொல்வதை நான் ஏற்கிறேன். நான் கேட்டது பிள்ளையின் பக்கத்தில் நின்று.

22 · சம்பூர்க்காரன்

அந்தப் பக்கத்தில என்னட்டைப் பதில் இல்லை அக்கா. பதில் இல்லாத இடத்தில ஒண்டை வைக்கிறதும் எனக்குச் சரியாப் படேல்ல.

23 · நிலாவெளி_வெயில்

சேர், அப்ப பிள்ளையள் எந்தப் பக்கத்தை எடுக்கிறது?

24 · அளவையியல்_திருமலை

சீட்டுப் போட்டுத்தான் பிரிப்போம். இரண்டு மாற்றம் செய்கிறேன். ஒவ்வொரு பேச்சாளரும் முதல் ஒரு நிமிடத்தில் எதிர்ப் பக்கத்தின் வாதத்தை, அந்தப் பக்கத்தார் "ஓம், இதுதான் நாங்கள் சொல்வது" என்று தலையாட்டும்படி சொல்ல வேண்டும். தலையாட்டாவிட்டால் திரும்பச் சொல்ல வேண்டும், நேரம் அவருடைய கணக்கில் ஓடும். மற்றது, ஆதரிக்கும் பக்கம் எடுகூற்று 4ஐ எழுதிக் கொடுத்த பிறகுதான் மேடையேறலாம்.

20க்கு மறுமொழி எழுத விரும்பும் சைவப் பிள்ளைகள் கோணமாமலை ஐயாவின் 19ஐ அப்படியே திருப்பிச் சொல்ல வேண்டாம். அங்கே கேட்கப்பட்டிருப்பது அதற்கு அடுத்த கேள்வி.